தட்டிப் பார்த்து வாங்குக

பழைய பொருள் வாங்கப் போகிறவனுக்குக் கண், காது, கை ஆகிய மூன்றும் விழித்திருக்க வேண்டும் என்பது நம் பெரியோர் கண்ட நடைமுறை. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து அதன் முதிர்ச்சியை அறிகிறோம். பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்கும் உழவன் இல்லை. அம்மூன்று புலன்களின் துணையையும் ஒருங்கே வேண்டும் புதிய பொருளொன்று இப்போது நம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. காபன் இழையாலான பந்தயத் துவிச்சக்கரவண்டியே அது.

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலே இறம்பொடை அமைந்திருக்கிறது. ஒருபுறம் 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவி. மறுபுறம் பள்ளத்தாக்கும் கொத்மலை நீர்த்தேக்கமும். இடையே தேயிலை மலைகளைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து செல்லும் பாதை. விடுமுறை நாட்களின் காலைப் பனியில், குனிந்த கைபிடியும் மெல்லிய டயருமுள்ள வண்டிகளில் இளைஞர்கள் இப்பாதையில் ஏறுவதை நான் அடிக்கடி காண்கிறேன். எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசைகள் நீண்ட 2022ஆம் ஆண்டில், மறந்துபோன துவிச்சக்கரவண்டிக்கு மீண்டும் மதிப்பு வந்தது. ஜப்பானில் பாவித்த வண்டிகள் கப்பலேறி இங்கு வருவது அதற்கு முன்பே வழக்கமாயிருந்தது. இன்று காபன் வண்டிகளும் பல கைகள் மாறி விலைக்கு வருகின்றன. புதிதாக வாங்க நம்மவருள் மிகச் சிலருக்கே இயலும். ஆகவே, பாவித்த காபன் வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. பணத்தையும் உயிரையும் பற்றிய கேள்வியாகும்.

கரி கண்ட உயர்வு

கரியை இழையாக்கும் எண்ணம் பழையது. எடிசன் தமது மின்விளக்குக்காக மூங்கில் இழையைக் கரியாக்கினார். ஆயினும் வலிமை மிக்க காபன் இழையை அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் கண்டது 1958இலேதான். 1961இல் ஜப்பானிய அறிஞர் அகியோ ஷிண்டோ, செயற்கை நாரிலிருந்து அவ்விழையைச் செய்யும் வழியைக் காட்டினார். வானூர்திகளுக்காக வளர்ந்த இக்கலை துவிச்சக்கரவண்டிக்கும் வந்தது. 1986ஆம் ஆண்டின் பிரெஞ்சு நாட்டுப் பெரும்பந்தயத்தில் வென்ற கிரெக் லெமொண்ட் ஏறியது காபன் வண்டியே. பின்னர் வண்டிகளின் எடை மேலும் மேலும் குறைந்தது. ஆகவே, பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று சர்வதேசத் துவிச்சக்கரவண்டிச் சங்கம் 2000ஆம் ஆண்டில் வரையறை செய்ய நேர்ந்தது.

இழைகளைத் துணிபோல் அடுக்கடுக்காக வைத்து, பிசினால் பிணைத்து, அச்சிலிட்டுச் சூடாக்கினால் காபன் சட்டம் உருவாகிறது. இழை இழுவையைத் தாங்கும்; பிசின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும். இதன் பலமும் பலவீனமும் இக்கூட்டுறவிலேயே அடங்கியுள்ளன.

உருக்கு வண்டி தன் நோயை மறைப்பதில்லை. மோதினால் வளையும், துரு ஏறினால் நிறம் காட்டும், பெரும்பாலும் முனகிவிட்டே முறியும். காபனோ வளைந்து காட்டாது. கல்லில் வீழ்ந்தோ பேருந்துக் கூரையில் நெரிபட்டோ உள்ளடுக்குகள் பிரிந்துவிட்டாலும், மேலிருக்கும் வண்ணப்பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கக் கூடும். பின்னொரு நாள், கடுமையான இறக்கத்தில், முன்னறிவிப்பின்றி அது முறியலாம்.

இறக்கத்தின் கணக்கு

இறம்பொடை அருவிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 945 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். அங்கிருந்து இங்கே இறங்கும்போது விடுபடும் சக்தி ஏழு இலட்சம் யூலுக்குச் சற்று மேலாகும். இரண்டு லீற்றர் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பங்கு பிறேக்குக்கே சென்று வெப்பமாகிறது. காபன் சில்லின் விளிம்பையே பற்றிப் பிடிக்கும் பிறேக்காயின் அவ்வெப்பம் விளிம்புப் பிசினை இளக்கிவிடக்கூடும். சமவெளியில் பல்லாண்டு குறையின்றி ஓடிய வண்டியும் நம் மலையில் ஒரே நாளில் குறை காட்டுவது இதனாலேயே.

2025 மே 11ஆம் திகதி இதே வீதியில், கெரண்டியெல்லப் பகுதியில், பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்துயரின் காரணங்கள் வேறு. ஆனால் இப்பாதை எவருடைய தளர்ச்சியையும் மன்னிப்பதில்லை என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

பார்க்கும் முறை

முதலில் கேட்க வேண்டும். வண்டி எத்தனை பேரிடம் இருந்தது, எங்கே வீழ்ந்தது, ஏன் விற்கப்படுகிறது? நேராகப் பதில் சொல்பவரிடம் மட்டுமே மேற்கொண்டு பார்ப்பது நன்று. சட்டத்தின் அடியிலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்வதும், வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்பதும் களவுப் பொருளைத் தவிர்க்க உதவும்.

அடுத்தது கண். வண்டியைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாலையிலும் மழையிலும் பார்ப்பது வீண். கைபிடிக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தில் சுருக்கமோ வீக்கமோ இருந்தால், வண்டி முன்புறமாக மோதியிருக்கலாம். சங்கிலி கழன்று உரசும் பின்குழாயையும், ஆசனத் தண்டை இறுக்கும் இடத்தையும் மறவாது பார்க்க வேண்டும். புதிதாக வண்ணம் பூசிய தனியிடம் ஏதேனும் இருந்தால், அதன் காரணத்தைக் கேட்காமல் நகரக் கூடாது.

பின்னர் கை. மெல்லிய பருத்தித் துணியால் குழாய்களை மெதுவாகத் தடவிச் சென்றால், முறிந்த இழை இருக்கும் இடத்தில் துணி சிக்கும். நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால் கீறலின் ஆழம் தெரியும். விரலால் அழுத்தும்போது சற்றே அமிழும் இடம் எங்கிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

கடைசியாகக் காது. ஆஸ்திரிய மருத்துவர் அவன்புருக்கர், நோயாளியின் மார்பைத் தட்டி உள்நோயறியும் முறையை 1761இல் வெளியிட்டார். அவர் தந்தை விடுதி நடத்தியவர். மிடாவைத் தட்டி உள்ளிருக்கும் அளவை அறிவது அங்கே வழக்கம். அதே கலைதான் இங்கும். ஒரு நாணயத்தால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே சென்றால், நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். குழாயின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால் ஒலியும் இயல்பாகவே மாறும். ஆதலால் இடப்பக்கத்தில் தட்டிய இடத்தையே வலப்பக்கத்திலும் தட்டி ஒப்பிட வேண்டும். இம்முறை ஐயத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்புக்கு ஒலியலைக் கருவியோடு தேர்ந்தவர் வேண்டும்.

முன்சில்லைத் தாங்கும் கவையை மட்டும் கழற்றிப் பார்த்தே தீர வேண்டும். அதன் மேல்தண்டு சட்டத்துக்குள்ளே மறைந்திருக்கிறது. அது முறிந்தால் ஓட்டுபவனுக்கு அடுத்த கணம் இல்லை. ஆசனத் தண்டையும் அசைத்துப் பார்க்கலாம். அலுமினியத் தண்டு காபன் சட்டத்தினுள் ஈரத்தோடு நெடுநாள் இருந்தால் அரித்து இறுகிவிடும். நம் ஊர் மழையில் இது அருமையன்று.

தேயும் உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவற்றை மாற்றலாம். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் ஊசிக்கு ஊசி சரியாக 12 அங்குலம் நீளும். அது 12 1/8 அங்குலமாயிருந்தால், சங்கிலியோடு பற்சக்கரங்களின் விலையையும் சேர்த்துப் பேரம் பேச வேண்டும். நம் ஏற்றத்துக்கு முன்னே 34 பல்லும் பின்னே 32 பல்லும் இருப்பது முழங்காலுக்கு நன்மை.

ஓர் இளைஞனின் தெரிவு

சென்ற ஆண்டு, என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் காபன் வண்டியொன்றைப் பார்க்க என்னையும் அழைத்துச் சென்றான். அவன் தாய் கொழுந்து பறிப்பவர். கையிலிருந்தது அவனது மூன்றாண்டுச் சேமிப்பு. வண்டி கண்ணைப் பறித்தது. “பெயின்ட்கூடப் போகல சேர்,” என்றான், என் முகத்தைப் பார்த்தபடி. கவையின் இடக்காலின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கோடொன்று இருந்தது. நகம் அதில் சிக்கியது. நாணயத்தால் தட்டினால் வலக்காலில் ஒலித்தது இடக்காலில் ஒலிக்கவில்லை. அது வெறும் கீறல் என்றார் விற்பவர். கவையைக் கழற்றிக் காட்டும்படி கேட்டோம். அதற்கு அவர் இணங்கவில்லை.

அது உண்மையிலேயே வண்ணத்தின் கீறலாக மட்டும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஐயத்தை முன்சில்லின் மேலே ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் எவரும் இறங்கலாகாது. பையன் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. இரண்டு மாதங்களின் பின் அலுமினியச் சட்டமும் தட்டுப் பிறேக்கும் கொண்ட வண்டியொன்றை வாங்கினான். காபனைவிட அது ஒன்றரைக் கிலோகிராம் கனம். அந்தக் கனத்தை அவன் கால்கள் ஏறும்போது உணர்கின்றன; இறங்கும்போது அவன் தாய் உணர்வதில்லை.

காபன் வண்டி தீது என்பது என் கருத்தன்று. ஒரே கையில் இருந்து, வரலாறு தெரிந்து, கழற்றிப் பார்க்க விற்பவர் இசைந்தால், அது வாங்கத் தக்க அருமையான பொருளே. வாங்கிய பின்பும் திருகுகளைக் கண்ணளவில் இறுக்காமல், உறுப்பின் மேலே அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றருக்கு, அளவுக் கருவியால் இறுக்க வேண்டும். வரலாறு தெரியாத காபனுக்கும் குறை தெரியும் அலுமினியத்துக்கும் இடையே தெரிவு வருமானால், மலைநாட்டவர் இரண்டாவதையே கொள்க.

விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சக்தி மாற்றமும் ஒலியும் வெப்பமும் பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கின்றன. ஒரு பழைய வண்டியையும் ஒரு நாணயத்தையும் வகுப்பறைக்குக் கொண்டு சென்றால் அவை மூன்றும் ஒன்றாகும். விலை பேசத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் பலர் உண்டு. பொருளைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளாகவும் அவர்களை ஆக்குவோம்.