சுருக்கு – 7: கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதன்

போன கிழமை முயல் கண்ணியோடு நிறுத்தினோம். வளையத்தை இறுக்குவது தப்ப முயலும் விலங்கின் சொந்த இழுப்புத்தான் என்பது நினைவிருக்கும். இந்தக் கிழமை சட்டம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முதல் நயினாதீவுக்குப் போயே ஆகவேண்டும்.

நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த ஆணை அது, பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது நம் ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. பிறகு கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று வகுக்கிறது. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, அதாவது அரச கருவூலத்துக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் என்றால் பண்டாரம் கால் பங்குதான் எடுக்கும். முக்கால் பங்கு உடையவனுக்கே. யானை, குதிரைமேல் தனக்குள்ள விருப்பத்தையே அரசன் காரணமாகச் சொல்கிறான்!

யானைக்குப் பேர்போன ஈழத்துக்கு யானை ஏன் கப்பலேறி வந்தது என்ற கேள்வி இந்தக் கிழமை முழுக்க என்னை விடவில்லை. பர்மிய அரசன் யானை விற்பனையில் தடைபோட்டு விலையேற்றியதை, பராக்கிரமபாகு அந்நாட்டின்மேல் படையனுப்பியதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சூளவம்சம் சொல்கிறது. காட்டில் யானை நிற்பது வேறு, அது பழகிப் படைக்கு நிற்பது வேறு. நடுவே இருப்பது பிடிக்கும் தொழில். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் யானை ஓட்டம் திசை மாறியது. வன்னியிலும் தெற்கே மாத்தறையிலும் பிடித்த யானைகளை நடத்திக்கொண்டு வந்து, ஆனையிறவுக் கடலேரியைக் கடத்தி, ஊர்காவற்றுறையில் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்த யானைகளில் பலவும் சுருக்கில் விழுந்தவை. பிடித்தவர்களில் பேர்பெற்றவர்கள் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் ரெனன்ரின் 1859இல் வெளிவந்த நூல் அவர்கள் முறையை விரிவாகச் சொல்கிறது. மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த கயிறு. ஆட்கள் இரண்டு பேர் போதும். சுவடு பார்த்து, காற்றுத் திசை பார்த்து, பின்னால் ஊர்ந்து போய், யானை பின்னங்காலைத் தூக்கும் கணத்தில் சுருக்கை மாட்டுவார்கள். மறுமுனையை உடனே மரத்தில் கட்டிவிட வேண்டும். கிட்ட மரம் இல்லையா? ஒருவன் முன்னால் போய் நின்று, கத்திச் சீண்டி, யானையைத் தன்னைத் துரத்தவைத்து மரத்தடிக்கு இழுத்து வருவான்.

இந்தத் தொழிலைப் புகழ்பாட நான் வரவில்லை. கட்டுண்ட யானையின் காலில் கயிறு அறுத்த புண், பசி, நீண்ட நடை, எத்தனையோ சாவு, எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனாலும் பணிக்கரின் சுருக்குக்குக் கண் இருந்தது. எந்த யானை என்று பார்த்தே போட்டான். போட்டபின் பக்கத்தில் நின்றான். பிழைத்தால் தன் உயிர்தான் போகும் என்று அறிந்திருந்தான்.

இன்றைய கம்பிச் சுருக்குக்கு அந்தக் கண் இல்லை. மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியே போதும். வைத்தவன் வீட்டில் தூங்கலாம், மறந்தும் போகலாம். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி தோட்டப்பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இப்படி மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்தது. அதே ஆண்டில் உலக வனவிலங்கு நிதியம், வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றின் காப்பகங்களிலும் 1 கோடியே 23 லட்சம் சுருக்குகள் கிடப்பதாக மதிப்பிட்டது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று ஒருவன் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். தோட்டத்தைப் பன்றி கிளறி அழிக்கும் துயரத்தையும் நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் யார் வந்து விழுவார் என்று தெரியாத ஒன்றை வைத்துவிட்டுப் போக எவருக்கும் உரிமை இல்லை என்பதே என் முடிவு.

சட்டத்துக்கு மிச்சம் கொஞ்ச இடம்தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசிய பூங்காவுக்குள் பொறி வைத்திருப்பதே குற்றம். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் பூங்காவானது. ஆகவே அங்கே கேள்வி எளிது. பூங்கா எல்லைக்கு வெளியேதான் சிக்கல். மிருகவதைத் தடுப்புக்கு நம்மிடம் உள்ள கட்டளைச் சட்டம் 1907இல் எழுதியது. அதில் குறித்த அபராதம் 100 ரூபா. அது ‘விலங்கு’ என்று கணக்கில் எடுப்பது வீட்டு விலங்கையும், பிடிபட்ட விலங்கையும் மட்டுமே. காட்டில் திரிவது அதில் சேராது. அப்படியானால், ஆளில்லாத பற்றைக்குள் கம்பியில் இரவு முழுக்கத் துடிக்கும் உயிர் பிடிபட்டதா, இல்லையா? அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிழமை தொடர்வோம்.