பழைய மோட்டார் சைக்கிளுக்கு மறுவாழ்வு

முன்னுரை

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. வெள்ளை அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைக் கண்ட அவர், அத்தகைய வண்டியைத் தாமும் அடைய வேண்டும் என்று உறுதி கொண்டார். கையில் பொருள் இல்லை. கோவையில் உணவு விடுதி ஒன்றில் பணியாளராக அமர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்ந்து மகிழ்ந்ததோடு அமையவில்லை. அதனைப் பிரித்தார், மீண்டும் பூட்டினார், இயந்திரத்தின் இயல்பைத் தம் கையாலேயே கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய தொழில் மேதையின் முதற்பாடம், பிறர் ஓட்டிய ஒரு வண்டியிலேயே அமைந்தது.

இன்றும் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிச் சீர்செய்ய விழையும் இளைஞர் பலர் உளர். ஆயினும் அவர்கள் தொடங்கும் பணிகளுட் பல பாதியிலேயே நின்றுவிடுகின்றன. எஞ்சின் ஒரு சாக்கிலும், சக்கரம் ஒரு மூலையிலும், புதுவண்ணம் பூசிய பெட்ரோல் தொட்டி வீட்டுப் பரணிலுமாகக் கிடக்கக் காண்கிறோம். இதற்குப் பணக்குறையே காரணம் என்பர். உண்மை அதுவன்று. செலவிடும் வரிசை பிழைபடுவதே பெருங்காரணமாகும். அவ்வரிசை யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறண்ட நிலமும் பழைய வண்டியும்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சார்ந்தது நரிக்குடி. வானம் பார்த்த பூமியும், கண்மாயை நம்பிய வேளாண்மையும், எங்கு நோக்கினும் சீமைக் கருவேலமும் கொண்ட நிலப்பகுதி இது. ஊருக்கும் சந்தைக்கும் இடையே தொலைவு மிகுதி. ஆகவே ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் அதனை ஆடம்பரத்திற்காக வைத்திருக்கவில்லை, பிழைப்புக்காகவே வைத்திருந்தனர். உரியவர் முதுமையுற்ற பின்னரோ மறைந்த பின்னரோ அவ்வண்டி மாட்டுத் தொழுவத்திலோ தகரக் கொட்டகையிலோ ஒதுக்கப்படுகின்றது. சில ஆண்டுகள் கழிந்ததும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை போகின்றது.

இவ்வட்டாரத்து வண்டிக்கு ஒரு நன்மை உண்டு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். இங்கு அக்கேடு குறைவு. எனினும் வறட்சிக்கும் தனக்கே உரிய தீங்குகள் உள. வெயிலின் கடுமையால் ரப்பர் வெடிக்கும். ஆயில் சீல்கள் இறுகிப் போகும். பெட்ரோல் ஆவியாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படியும். சைலன்சருள் குளவி கூடு கட்டும்; மின்கம்பிகளை எலி கடிக்கும். கரிசல் மண்ணின் மீது வெறுமனே நிறுத்தப்பட்ட வண்டியாயின், ஐப்பசி கார்த்திகை மழையில் அம்மண் தேக்கிய ஈரத்தால் ஸ்டாண்டும், சங்கிலியும், சைலன்சரின் அடிப்பக்கமும் துருவேறியிருக்கும். எனவே வண்டியைப் பார்க்கச் செல்வோர் நின்றபடி நோக்காது, குனிந்து அடிப்பகுதியை நோக்குதல் வேண்டும்.

எவ்வண்டியைத் தேர்வது?

தமிழகத்து வண்டி என்று உரிமை பாராட்டத்தக்கது ‘புல்லட்’. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-இல் வெளியிட்டது. புல்லட் என்னும் பெயர் 1932-இல் தோன்றியது. இந்திய இராணுவத்தின் தேவையை ஒட்டி இவ்வண்டிகள் இந்நாட்டிற்கு வந்தன. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவால் ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவாயிற்று. திருவொற்றியூரில் முதலில் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டினர். பின்னர்ப் பாகங்களையும் இங்கேயே வார்த்தனர். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு வண்டிகளின் உற்பத்தி முற்றும் நின்றது. 1977-இல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாயிற்று. தாய் கைவிட்ட தொழிலைச் செவிலி வளர்த்தாள் என்பது பொருந்தும்.

சிக்கனம் கருதுவோர்க்குப் பழைய 350 புல்லட்டின் அமைப்பு ஏற்றதாகும். அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆயது. தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் ‘போர்’ செய்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். மீண்டும் தேய்ந்தால் மீண்டும் செய்யலாம். புதுச் சிலிண்டர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

மைசூரில் 1961 முதல் உருவான ஜாவாவும், அதன் வழிவந்து 1996 வரை வெளிவந்த எஸ்டியும், எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத்தும் கருதத்தக்கனவே. இவை இரண்டு வீச்சு எஞ்சின்கள். வால்வுகள் இல்லாமையால் உள்ளுறுப்புகள் குறைவு. 1985-இல் வந்து 1996-இல் நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ நாடுவோர் மிகுதி. ஆகவே விலையும் மிகுதி. எதை வாங்கினும், உதிரிப் பாகம் கிடைக்கும் வண்டியையே வாங்க வேண்டும். அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் விசாரித்து, பிஸ்டன், கிளட்ச் தட்டு, கேபிள் ஆகிய மூன்றும் எளிதில் கிடைக்கும் என்று அறிந்த பின்னரே விலை பேசுதல் நன்று.

முதலில் ஏடு, பின்னர் இரும்பு

வண்டியைக் காணுமுன் அதன் ஆர்.சி. புத்தகத்தைக் காண வேண்டும். சட்டத்தின் தலைப்பகுதியில் பொறித்த சேசிஸ் எண்ணும், எஞ்சின் மீதுள்ள எண்ணும் ஏட்டோடு ஒத்திருத்தல் வேண்டும். எண்ணைச் சுரண்டியோ திருத்தியோ இருப்பின், விலை எத்துணை மலிவாயினும் விலகுவதே அறிவு. கணினிப் பதிவுகளுக்கு முந்திய வண்டிகளின் விவரம் அரசு இணையப் பதிவேட்டில் ஏறாதிருக்கலாம்; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் வேண்டும். விருதுநகர் மாவட்டம் 1985-இல் பிரிக்கப்படுமுன் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அக்காலத்து ஏட்டில் மாவட்டப் பெயர் மாறியிருப்பின் மயங்க வேண்டா. பதிவேடு இன்று எவ்வலுவலகத்தில் உள்ளது என்பதை மட்டும் தெளிந்துகொள்க.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இத்தகைய வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகட்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி ஆய்வுடன் புதுப்பிக்க வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். உரியவர் மறைந்திருப்பின் வாரிசு முதலில் படிவம் 31 வழியே தம் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்க இயலும். இவ்வட்டாரத்தில் ஒதுக்கப்பட்டு நிற்கும் வண்டிகளுட் பல தந்தையின் பெயரிலேயே நிற்பவை. ஆகவே இதனைக் கட்டாயம் வினவுக. பதிவு நீக்கப்பட்ட வண்டி சாலைக்கு ஆகாது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தனி வழி வகுத்துள்ளன. மூல வடிவம் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளுடன் கூடிய எண் வழங்கப்படும். புதுப்பதிவுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய்; பத்தாண்டுகட்குச் செல்லும். ஆனால் அவ்வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு முதலியவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. நாள்தோறும் ஓட்ட விழைவோர் பழைய பதிவையே புதுப்பித்தல் தக்கது.

பட்டறைத் தமிழ் கூறும் நோய்கள்

நம் பட்டறைகளில் வழங்கும் தமிழை ஊன்றிக் கேட்பின், அது வண்டியை உயிருள்ளதாகவே கருதுவது புலனாகும். ‘ஆயில் குடிக்கிறது’ என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு வழியோ தேய்ந்தது. நான்கு வீச்சு வண்டியில் நீலப்புகை அதற்குச் சான்று. ‘கிக்கர் திருப்பி அடிக்கிறது’ என்றால் தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்னரே விழுகிறது. ‘அடைக்கிறது’ என்றால் கார்புரேட்டரில் தூசியோ பிசினோ உள்ளது. ‘வழுக்குகிறது’ என்றால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்தன. இவற்றுள் தீப்பொறி நேரமும் கார்புரேட்டரும் சிறு செலவில் தீர்பவை. எஞ்சினின் அடியிலிருந்து எழும் கனத்த தட்டொலியே அஞ்சத்தக்கது. கிராங்கைப் பிரித்து அழுத்தப் பொறியில் மீளப் பூட்டும் பெருஞ்செலவு அது. சட்டத்தில் விரிசலோ, வளைவோ, மறைவாகப் பற்றவைத்த தழும்போ உள்ளதா என்பதையும் நோக்குக.

விலை பேசும்போது ஓர் அறத்தையும் மறத்தல் கூடாது. விற்பவர் பெரும்பாலும் கணவரை இழந்த மூதாட்டியாகவோ, வண்டியின் மதிப்பை அறியாத உழவராகவோ இருப்பர். இரும்பு விலைக்குப் பெற்றுப் பன்மடங்கிற்கு விற்பது திறமை ஆகாது. அறியாமையைச் சுரண்டுதலே ஆகும். நேரிய விலை கொடுத்து, இருவரும் கையொப்பமிட்ட எழுத்துப் பெறுதல் இருபாலார்க்கும் காப்பு.

பணத்தைப் பங்கிடும் முறை

கையிலுள்ள தொகையை இருபது பங்காக்குக. எட்டுப் பங்கு வண்டியின் விலைக்கு. ஆறு பங்கு எஞ்சினுக்கும் கியருக்கும். மூன்று பங்கு பிரேக், டயர், மின்கம்பி ஆகியவற்றுக்கு. ஒரு பங்கு ஏடுகளுக்கு. இரண்டு பங்கு எதிர்பாராச் செலவுக்கு. ஓர் இலட்சம் ரூபாய் உடையவர் நாற்பதாயிரத்திற்கு மேல் வண்டிக்கே கொடுத்துவிடின், அது கொட்டகையிலேயே நிற்கும். இப்பங்கீட்டில் வண்ணப்பூச்சுக்கு இடமில்லாமையைக் கவனிக்க. வண்டி ஓடிய பின்னர், மிஞ்சிய பொருளில் செய்வது அது.

பணியின் வரிசை

முதற்பணி, பிரிக்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்தல். கழற்றிய ஆணிகளைத் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இறுகிய எஞ்சினை இளக்குதல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளையில் சிறிது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிடுக. பின்னர் மேல் கியரில் பின்சக்கரத்தை மெல்ல அசைத்துப் பார்க்கலாம். கிக்கரை ஓங்கி மிதிப்பதும் சுத்தியலால் தட்டுவதும் உள்ளுறுப்புகளை உடைக்கும். பழைய புல்லட்டில் நெடுநாள் நின்றபோது ஆயில் கிராங்க் அறைக்குள் கசிந்து தேங்கும். அதனை வடித்துப் புது ஆயில் ஊற்றிய பின்னரே இயக்க வேண்டும்.

மூன்றாவது, எரிபொருள் வழி. தொட்டியைக் கழற்றிச் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரை நிரப்பி வைத்துத் துருவை நீக்கி, சோடா உப்பு நீரால் கழுவி, உடனே வெயிலில் உலர்த்துக. இன்று விற்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரை இளக்கும். ஆதலின் எத்தனாலைத் தாங்கும் புதுக்குழாய்களை மாட்டுக; ஓட்டாத காலத்தில் தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்க வேண்டா.

நான்காவது, மின்னமைப்பு. எலி கடித்த கம்பிக்கு ஒட்டுப்போடுவது தீ விபத்திற்கு வழி; முழுவதையும் மாற்றுக. ஐந்தாவது, பிரேக்கும் டயரும். பிரேக் ஷூக்களுக்குப் புதுப்பட்டை ஒட்டலாம். பழைய 350 புல்லட்டுக்கு 3.25–19 அளவு டயர் பொருந்தும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதல் இரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். தேயாத டயராயினும் வயது முதிர்ந்தால் வெடிக்கும். நிற்க இயலாத வண்டியை ஓடவிடுதல் குற்றமாகும்.

மெருகும் மரபும்

புல்லட் தொட்டியின் பொற்கோடுகளைத் தூரிகை கொண்டு கையாலேயே தீட்டும் வழக்கம் சென்னைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்தது. அக்கோடுகள் மங்கியிருப்பினும் அவை ஒரு தொழிலாளியின் கையெழுத்து. அவற்றைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசிவிட்டால் மீட்க இயலாது. துருவைத் தடுத்து, மெழுகிட்டு, இருப்பதைக் காத்தலே பல வண்டிகளுக்குப் போதும். அது செலவையும் குறைக்கும். மூல வடிவத்தையும் காக்கும்.

முடிவுரை

ஏடு, எஞ்சின், பிரேக், இறுதியாக மெருகு என்னும் இவ்வரிசையைக் கடைப்பிடிப்போர் குறைந்த பொருளிலும் நிறைவு காண்பர். இதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. செவியாலேயே எஞ்சினின் நோயை உணர்ந்து, தாள் ஒன்றை இடைச்செருகியே பிளாட்டினம் பாயிண்டைச் சீர்செய்யும் முதிய மெக்கானிக்குகள் சிற்றூர்ப் பட்டறைகளில் இன்னும் உளர். அவர்தம் கலை எந்நூலிலும் எழுதப்படவில்லை. பழைய பாகம் தீர்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். அவர்கள் மறைந்தால் அவ்வறிவைக் கடைந்தெடுக்க இயலாது. ஆகவே வண்டியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பாது, உடனிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, கேட்டுக் குறித்துக்கொள்வது மாணவர் கடனாகும். அங்ஙனம் செய்வோர் ஒரு வண்டியை மட்டுமன்று, ஒரு தொழில் மரபையும் இரும்புக் கடைக்குப் போகாமல் காத்தவர் ஆவர்.