2 லட்சம் கி.மீ. ஓடிய பழைய பிக்கப்.. மலை ஏற்றத்தில் என்ஜின் கைவிடாமல் இருக்க செய்ய வேண்டியது என்ன?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் தோட்டத்து மண் பாதையிலும் மலை ஏற்றத்திலும் லோடு ஏற்றி ஓடும் பழைய பிக்கப்களுக்கு முதல் எதிரி சூடுதான்.

மேட்டில் முதல் கியரில் மெதுவாக ஏறும்போது என்ஜினுக்கு வேலை அதிகம். ரேடியேட்டருக்கு காற்று குறைவு. அந்த நேரத்தில் பழைய ரப்பர் ஹோஸ் வெடித்தால் கூலன்ட் மொத்தமும் கொட்டிவிடும். அப்படியே ஓட்டினால் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட்டும் வளையலாம்.

எப்படி தடுப்பது?

காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்க. வெறும் தண்ணீரையே ஊற்றி வந்தால் உள்ளே துரு பிடிக்கும். ஹோஸ் உப்பியோ, விரிசல் விட்டோ இருந்தால் உடனே மாத்திடுங்க. ரேடியேட்டரில் அடைந்த மண்ணைக் கழுவுங்க.

முள் சிவப்புக்குப் போனால் வண்டியை ஓரங்கட்டுங்க. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் தெரிந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.