பொடி வைத்துப் பேசலாமா?

தலைவலின்னா ஒரு மாத்திரையை வாயில போட்டு, மடக்குன்னு தண்ணியைக் குடிச்சிட்டு கிளாஸுக்கு ஓடிடுறீங்க. அந்த மாத்திரை எப்படிப் பொறந்துச்சுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? பொறக்கும்போது அது வெறும் பொடி. ஆனா சாதாரணப் பொடி இல்ல ஃப்ரெண்ட்ஸ்!

முதல்ல கிச்சனுக்குப் போவோம். முழு கல்கண்டு, பொடிச்ச கல்கண்டு... தண்ணியில எது சீக்கிரம் கரையும்? பொடிதானே! காரணம், மேற்பரப்பு. 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மைக்ரான் துண்டுகளாக்கினால் 6 சதுர மீட்டர். பத்தாயிரம் மடங்கு! மைக்ரான்னா மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம்ம தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்.

மருந்து கரைந்தால்தான் ரத்தத்தில் சேரும். படர்தாமரைக்குத் தரப்படும் க்ரிசியோஃபுல்வின் தண்ணீரில் லேசில் கரையாது. 1960-களில் அதை மிக நுண்ணியதாக அரைத்துப் பார்த்தார்கள். பாதி டோஸிலேயே அதே பலன்!

ஆனா, இதுல உயிர் விஷயமும் இருக்கு. டிஜாக்ஸின் என்ற இதய மருந்தின் ஒரு மாத்திரையில் இருப்பது 0.25 மில்லி கிராம்தான். 1 கிராமை வெச்சு 4,000 மாத்திரை போடலாம். கொஞ்சம் குறைந்தால் பலன் இல்லை, கொஞ்சம் கூடினால் விஷம். 1971-ல் அமெரிக்காவில் வெவ்வேறு தயாரிப்பு டிஜாக்ஸின் மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். லேபிளில் ஒரே அளவு. ரத்தத்தில் சேர்ந்ததிலோ ஏழு மடங்கு வரை வித்தியாசம்! மாத்திரை கரையும் வேகமும், அதைத் தீர்மானிக்கும் துகள் அளவும்தான் முக்கிய வில்லன்கள் என்பது பின்னால் புரிந்தது.

'அப்போ எல்லாத்தையும் மாவா அரைச்சிட வேண்டியதுதானே?' அங்கதான் சிக்கல். டப்பாவைச் சாய்ச்சா ரவை சரசரன்னு கொட்டும். மைதா? கட்டியா நிக்கும். மாத்திரை மெஷினின் குழிகளில் பொடி ஒரே சீராக விழாவிட்டால், ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு எடை. அதனால், புட்டு மாவு பிசிறுற மாதிரி பசைக் கரைசல் தெளித்து, குருணையாக்கிக் காய வைப்பார்கள். குலுக்கின மிக்ஸர் பாக்கெட்டில் கடலை மேலேயும் தூள் அடியிலேயும் பிரிஞ்சு நிக்குமே, அந்தத் தொல்லையும் குருணையில் குறைவு.

நுரையீரலுக்குப் போகும் பவுடர் மருந்தின் கணக்கு வேறு. துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்கணும். பெருசுன்னா தொண்டையிலேயே ஒட்டிக்கும். ரொம்பச் சிறுசுன்னா மூச்சோடு வெளியே வந்துடும். இவ்வளவு நுண்ணிய மருந்து தனியா நகராதுங்கறதால, பெரிய லாக்டோஸ் துகள் மேல சவாரி செய்யும். அதைக் கீழே இறக்கி விடுவது உங்க மூச்சின் வேகம். பவுடர் இன்ஹேலரை வேகமா, ஆழமா இழுக்கச் சொல்றது அதுக்குத்தான்.

ஸோ, விழுங்க கஷ்டமா இருக்குன்னு எந்த மாத்திரையையும் டக்குனு நசுக்கிடாதீங்க. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நசுக்கினால், நாள் முழுக்கப் பிரிந்து சேர வேண்டிய மருந்து மொத்தமாக ரத்தத்தில் இறங்கிடும். டாக்டரையோ, பார்மசிஸ்டையோ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பொடி விஷயம்தான். ஆனா, பொடி வைக்காம சொல்லிட்டோம்!