வளைகோடும் அதன் முனைகளும்

மேற்கத்திய இசைத்தாளில் சுரக்குறிகளின் மேலோ கீழோ வளைகோடுகள் காணப்படும். அவை அலங்காரத்திற்காக வரையப்படுவன அல்ல. வெவ்வேறு சுரங்களை இணைக்கும் வளைகோடு, அவற்றை இடைவெளியின்றி இசைக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஒரே சுரத்தின் அடுத்தடுத்த இரு குறிகளை அது இணைத்தால், அவ்விரண்டின் கால அளவையும் கூட்டி ஒரே ஒலியாக நீட்ட வேண்டும்.

இன்று இணைய உலாவியிலேயே இசைத்தாளை எழுதலாம். அங்கு வளைகோட்டைக் கணினியே வரைகிறது. பொதுவாக, நான்கு புள்ளிகள் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. இரண்டு புள்ளிகள் முனைகளாக அமைகின்றன. மற்ற இரண்டும் கோட்டைத் தம் பக்கம் இழுத்து வளைக்கின்றன. 1960-களில் பிரான்சின் ரெனால்ட் நிறுவனப் பொறியாளர் பியேர் பெசியே, மகிழுந்துகளை வடிவமைக்க இத்தகைய வளைகோடுகளைப் பயன்படுத்தினார்.

கணினி வரைந்த கோடு சில வேளைகளில் உயரமான சுரக்குறியின்மீது படிந்துவிடும். வடிவத்தைத் திருத்த இடமளிக்கும் செயலிகளில், இடைப்புள்ளிகளை மேலே இழுத்தால் குறி தெளிவாகத் தெரியும், இசை மாறாது. ஆனால், கோட்டின் முனை தவறுதலாக அடுத்த சுரத்திற்கு நகர்ந்தால், வயலின் கலைஞர் அச்சுரத்தையும் ஒரே வில்வீச்சில் சேர்த்து இசைத்துவிடுவார். எனவே, வளைவை அழகுக்காக மாற்றலாம். முனையை இசையறிந்தே மாற்ற வேண்டும்.