விடுமுறைக்குப் போன இடத்தில் முதல் மாரத்தான்



நம் இதழை நெடுநாளாக வாசித்துவரும் தாயார் ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் கலிஃபோர்னியாவில் வேலையாயிருக்கிறார்; வயது 44. வரும் டிசம்பரில் மனைவி பிள்ளைகளோடு ஹவாய்த் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார். தாயாரையும் கூட வரும்படி அழைத்திருக்கிறார். போகிற இடத்தில், ஹோனலூலு நகரத்து மாரத்தான் ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாராம். 42 கிலோமீட்டர்! அவர் இதுவரை அதில் பாதி தூரம்கூட ஓடியதில்லை. அவருடைய தகப்பனார் 52 வயதில் மாரடைப்பால் காலமானவர். மகனைத் தடுப்பதா, சந்தோஷமாய் அனுப்புவதா என்று கேட்டிருந்தார் தாயார்.

எங்கள் டாக்டர்களோடு பேசி, அவருக்குத் தனியாகப் பதில் எழுதினோம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று எண்ணி இங்கே சற்று விரிவாகத் தருகிறோம்.

முதலில் அந்த ஓட்டத்தைப் பற்றி. இது 1973 டிசம்பரில் ஆரம்பமானது. ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஜாக் ஸ்காஃப் என்ற இருதய நோய் மருத்துவர். மாரடைப்பு வந்தவரை "அதிகம் அசையாதீர்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது சாதாரணமாயிருந்த நாட்களில், அவர் தம்முடைய நோயாளிகளை மெதுவாக நெடுந்தூரம் ஓடப் பழக்கினார். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடியாதபடி மூச்சு வாங்கினால், வேகம் அதிகம் என்று அர்த்தம். இதுதான் அவர் கற்றுக்கொடுத்த எளிய அளவுகோல். இன்றும் முதன்முறை ஓடுகிற எவருக்கும் இதைவிட நல்ல கருவி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இந்த ஓட்டத்துக்குக் கால வரம்பு கிடையாது. பல ஊர்களில் ஆறு, ஏழு மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களைப் பாதையிலிருந்து விலக்கிவிடுவார்கள். இங்கே நடந்தே வருகிறவருக்கும் இடமுண்டு. அதனால்தான் முதன்முறை ஓடுகிறவர்கள் குடும்பமாய்த் திரண்டு வருகிறார்கள். ஜப்பானிலிருந்து மட்டுமே ஆயிரக்கணக்கானோர் விடுமுறையையும் ஓட்டத்தையும் ஒரே பிரயாணத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

இருதய நோயாளிகளே ஓடினார்கள் என்றால் எங்கள் மகனுக்கு என்ன பயம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அந்த நோயாளிகள் மருத்துவரின் பார்வையில் மாதக்கணக்கில் பழகியவர்கள். ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடிந்தவுடனோ இருதயம் நின்றுபோனது. 42 பேர் இறந்தார்கள். அதாவது, ஏறக்குறைய 1,84,000 பேரில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. இது மிகச் சிறிய எண்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இருதயத் தசை தடித்துப்போதல், இரத்தக்குழாய் அடைப்பு போன்ற கோளாறுகள் பலரிடம் முன்பே இருந்திருக்கின்றன. தகப்பனார் 52 வயதில் போன குடும்பத்தில், பொதுவான எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைவது சரியல்ல. பயிற்சி தொடங்குமுன் இரத்த அழுத்தம், கொழுப்பு, இ.சி.ஜி. பார்த்து, டாக்டர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் செய்துகொள்ள வேண்டும். தகப்பனாரின் வரலாற்றை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால், அது எந்தக் கிலோமீட்டரானாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது.

பயிற்சிக்கு 16 முதல் 20 வாரம் தேவை. அதற்கும் சரீர சம்பந்தமான காரணம் உண்டு. நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. சாதாரண மனிதரிடம் அது சுமார் 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 70 கலோரி செலவாகிறது. 42 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சேமிப்பு போதாது. 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது பலருக்குக் கால்கள் திடீரெனக் கல்லாகிப்போவது இதனால்தான். ஓட்டக்காரர்கள் இதைச் "சுவர்" என்கிறார்கள். வாராவாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், சரீரம் கொழுப்பையும் எரித்து, சேமிப்பைச் சிக்கனமாய்ச் செலவழிக்கப் பழகுகிறது. கடைசி இரண்டு மூன்று வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுக்கவேண்டும்.

விடுமுறைக்காரர்கள் தவறுவது இந்த ஓய்வில்தான். ஹவாயில் இறங்கியவுடன் பிள்ளைகளுக்குக் கடலில் விளையாட வேண்டும். பெரியவர்களுக்கு பேர்ல் ஹார்பரைப் பார்க்க வேண்டும். டயமண்ட் ஹெட் என்னும் பழைய எரிமலை உச்சிக்கும் ஏறிப் பார்க்கலாம் என்பார்கள். மூன்று நாள் வெயிலில் நடந்து, பழக்கமில்லாத உணவைச் சாப்பிட்டு, நான்காம் நாள் மாரத்தான் ஓடினால் ஐந்து மாதப் பயிற்சி வீண். எனவே ஊர் சுற்றுவதையெல்லாம் ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினோம். முந்தின நாட்களில் மருமகள் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகட்டும். மகன் அறையில் காலை நீட்டி இருக்கட்டும். அதைச் சோம்பல் என்று எவரும் கேலி செய்யாதிருப்பதே குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி. புதுக் காலணி, புது பானம் எதையும் அன்று முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது.

ஒரு விஷயம் அவருக்கு அனுகூலம். ஓட்டம் அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் அப்போது காலை 7 மணி. ஆகவே அவருடைய சரீரம் தானாகவே விழித்திருக்கும். இந்தியாவிலிருந்து போகும் தாயாருக்குத்தான் பதினைந்தரை மணி நேர வித்தியாசம். அவர் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து தூங்கி எழுவது நல்லது.

(ஓட்டம் டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அதைப் பற்றியும் தாயார் வருத்தத்தோடு எழுதியிருந்தார். அதைக் குடும்பமாய்ப் பேசித் தீர்மானித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டோம்.)

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனெனில் இதில் அன்பே ஆபத்தாகிறது. "நிறையக் குடி, நிறையக் குடி" என்றுதான் எல்லாத் தாய்மாரும் சொல்லியனுப்புவார்கள். 2002இல் பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்னும் உப்பு அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மெதுவாய்ப் போகிறவர் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்கிறார். வியர்ப்பதைவிடக் குடிப்பது அதிகமாகி இரத்தம் நீர்த்துப்போகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் மூளை வீங்கி மரணம். அதே பாஸ்டன் ஓட்டத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படியே இறந்தார். ஹோனலூலுவில் டிசம்பரிலும் புழுக்கம் உண்டு, தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடிக்கலாம், தாகமில்லாமல் குடிக்க வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். அவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அன்று குடும்பம் எங்கே நிற்பது? வைக்கீக்கி கடற்கரைப் பகுதியில் தங்கினால் கார் தேவையில்லை. சாலைகள் அடைபட்டிருப்பதால் காரால் பயனும் இல்லை. இருட்டில், கிறிஸ்துமஸ் விளக்குகள் எரியும் நகர மையத்தைச் சுற்றிவிட்டு ஓட்டக்காரர்கள் வைக்கீக்கி வழியாக வருவார்கள். பிறகு டயமண்ட் ஹெட் ஓரமாய் ஏறி, நெடுஞ்சாலையில் ஹவாய் காய் வரை போய், அதே நெடுஞ்சாலையில் திரும்புகிறார்கள். கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கையில் டயமண்ட் ஹெட் ஏற்றம் மறுபடியும் வரும். சிறிய ஏற்றம்தான், ஆனால் "சுவரை" மோதியவருக்கு அது மலை. பேரப்பிள்ளைகள் நிற்கவேண்டிய இடம் அது. முடிவுக் கோடு பக்கத்திலே, கப்பியோலானி பூங்காவில்.

ஆறு மணி நேரமானால் பகல் 11 மணிக்கு வந்து சேருவார், ஏழானால் 12. தாயார் அதுவரை வெயிலில் நிற்காமல் மர நிழலில் உட்காரவும், கையில் செருப்பு, உலர்ந்த சட்டை, வாழைப்பழம், உப்புப் பிஸ்கட் வைத்திருக்கவும் எழுதினோம். வந்தவுடன் படுத்துவிடாமல் பத்து நிமிஷம் நடக்கட்டும். அன்றைக்கே விமானம் ஏறக்கூடாது. இரண்டு நாள் படிக்கட்டில் பின்புறமாய்த்தான் இறங்குவார். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தாயாரிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. மகன் முதலில் கோபித்துக்கொண்டாராம். பின்பு மருமகளே டிரெட்மில் டெஸ்டுக்கு நாள் வாங்கிவிட்டார். டாக்டர் வேண்டாம் என்றால் கடைசி மூன்று கிலோமீட்டரை மட்டும் எல்லோருமாய் நடப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். விமான டிக்கெட் எப்படியும் எடுத்தாயிற்று.