கணக்கறிந்த பிள்ளையும் நேர்முகத் தேர்வும்

கணிதத்தில் நன்மதிப்பெண் பெறும் பிள்ளைக்கு நம் குடும்பங்களில் காட்டப்படும் வழிகள் பெரும்பாலும் இரண்டே: ஆசிரியர் பணி, வங்கித் தேர்வு. ஆக்சுவரி என்னும் தொழிலொன்று உண்டென்பதை எழுமலை போன்ற ஊர்களில் அறிந்தோர் சிலரே. எத்தனை பேர் எந்த வயதில் இறப்பர், எத்தனை பேர் நோயுறுவர் என்பதைப் பழைய விவரங்களைக் கொண்டு கணித்து, காப்பீட்டுக்குத் தவணை எவ்வளவு, ஒதுக்கி வைக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று வரையறுப்பவரே ஆக்சுவரி.

இத்தொழிலின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று அறப்பணியே. 1740-களில், நம் பிரிந்த சகோதரர்களாகிய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் போதகர்கள் இராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் இருவரும், மரித்த போதகர்களின் மனைவி மக்களைக் காக்க ஒரு நிதியைக் கணக்கிட்டு அமைத்தனர்.

நம் நாட்டில் இதற்குரிய அமைப்பு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். பன்னிரண்டாம் வகுப்பு தேறியோர் அதன் பொது நுழைவுத் தேர்வை எழுதலாம். பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட தாள்களைப் பல ஆண்டுகளில் தேற வேண்டும். எனினும் முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சில தாள்களைத் தேறியவுடனேயே தொடக்கநிலைப் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்தபின், பல நிறுவனங்கள் கணக்கிலும் கணினியிலும் சிறு தேர்வு வைக்கின்றன. அடுத்து வருவது நேர்முகத் தேர்வு. நம் பிள்ளைகள் பலர் அஞ்சிப் பின்வாங்குவது இங்கேதான்.

அங்கே கேட்கப்படுவனவற்றுள் பல நம் வீட்டுத் திண்ணைக் கணக்குகளே. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியென்றால் ஆண்டுக்கு எவ்வளவு? இருபத்து நான்கு என்போம். வட்டியைக் கட்டாமல் மாதந்தோறும் முதலோடு சேர்த்தால், அது ஏறத்தாழ 26 ரூபாய் 82 காசாகிவிடும். ஏன் என்பதைப் படிப்படியாகக் கூறும் பிள்ளையே தேறுகிறான். மதுரையில் எத்தனை தேநீர்க் கடைகள் இருக்கும் என்பது போன்ற வினாவும் வரலாம். அதற்குச் சரியான எண்ணை எவரும் எதிர்பார்ப்பதில்லை. மக்கள்தொகையிலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சிந்திக்கிறானா என்றே பார்க்கின்றனர்.

மற்றொன்று, நேர்மை. தேறாத தாளைத் தேறியதாக எழுதுதலும், தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுதலும் தற்காலிகத் தந்திரங்கள். அத்தகையவரிடம் ஆயிரம் கைம்பெண்களுக்குச் சேர வேண்டிய பணத்தின் கணக்கை எவர் ஒப்படைப்பர்? “தெரியவில்லை ஐயா; ஆயினும் இவ்வாறு முயன்று பார்ப்பேன்” என்பதே நல்ல விடை.

இத்துணிவைக் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி போன்ற நம் கல்லூரிகள் வளர்க்கலாம், முதற்பள்ளியோ குடும்பமே. பெற்றோரே, குடும்பச் செபமாலை முடிந்தபின், அன்று கற்ற கணக்கொன்றைப் பாட்டிக்கும் விளங்கும்படி சொல்லுமாறு உங்கள் மகனையோ மகளையோ கேளுங்கள். திக்கினால் நகைக்காதீர்கள். பாட்டி தலையசைக்கும் நாளில், எந்த அதிகாரியின் முன்னும் அப்பிள்ளை அஞ்சாமல் அமர்வான்.